பீ அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது? பிணை பற்றிய கேள்வி பதில்

வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு நீதிமன்றங்களில் குற்றவியல் வழக்குகளில் தோன்றும் சட்டத்தரணி ஒருவர், வன்னி வாசகர்கள் பிணை பற்றிக் கேட்ட கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.

ஒட்டுசுட்டான்: சேர், கோயில் திருவிழாவில் நடந்த அடிபாட்டில் தம்பி பிடிபட்டார். 14 நாள் விளக்கமறியல். போன வருசம் இதேமாதிரி அடிபாட்டில் பிடிபட்ட ஒருவர் அன்றே வெளியில் வந்தார். நீதவானுக்கு எங்களில் கோபமா?

கோபமெல்லாம் இல்லை. பொலிஸார் ஆளை 24 மணித்தியாலத்துக்குள் நீதவானிடம் கொண்டுவந்து கொடுக்கும் பீ அறிக்கையை முதலில் பாருங்கள். அதில் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று இருக்கிறதோ, அதை வைத்துத்தான் மற்றதெல்லாம். பிணை வழங்கக்கூடிய குற்றம் என்றால் பிணை உங்கள் தம்பியின் உரிமை. பிணை வழங்க முடியாத குற்றம் என்று பெயர் இருந்தாலும் கதவு பூட்டவில்லை, அது நீதவானின் தற்றுணிபு, கொடுப்பதா இல்லையா என்று அவர்தான் தீர்மானிப்பார். 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம் 2ஆம் பிரிவிலேயே சொல்லிவிட்டது: பிணை கொடுப்பதுதான் விதி, மறுப்பது விதிவிலக்கு.

மறுப்பதற்கான காரணங்கள் 14ஆம் பிரிவில் உள்ளன. ஆள் வழக்குக்கு வரமாட்டார், சாட்சிகளையோ சான்றுகளையோ குழப்புவார், பிணையில் இருந்துகொண்டே இன்னொரு குற்றம் செய்வார் என்று நம்ப நியாயம் இருக்க வேண்டும். அடிபாட்டு வழக்கில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: காயப்பட்டவர் இன்னும் ஆஸ்பத்திரியில், சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை வரவில்லை, அல்லது அடையாள அணிவகுப்பு நடக்கவில்லை. அவை முடியும்வரை நீதவான் தவணை போடுவார். முடிந்துவிட்டதா என்று விசாரித்து, அடுத்த தவணையில் உங்கள் சட்டத்தரணி அதைச் சொல்லிப் பிணை கேட்க வேண்டும்.

புதுக்குடியிருப்பிலிருந்து ஓர் அம்மா: மகனை ஐஸ் போதைப்பொருளுடன் பிடித்தார்கள். ஒவ்வொரு தவணையும் போய் நீதவானிடம் கெஞ்சுகிறோம். பிணை இல்லை என்கிறார்.

அம்மா, அவரால் தர முடியாது. நச்சுப்பொருள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தின் 54அ, 54ஆ பிரிவுகள் என்றால் மேல் நீதிமன்றம்தான் பிணை தரலாம், அதுவும் விதிவிலக்கான சூழ்நிலையில் மட்டும். 2022இல் வந்த 41ஆம் இலக்கத் திருத்தத்துக்குப் பிறகு, மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய வழக்கில் தூய நிறை 10 கிராமோ அதற்கு மேலோ என்றால் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கே போக வேண்டும்.

இதில் தூய நிறை, அதாவது கலப்பு நீங்கிய போதைப்பொருளின் நிறை, என்பதைக் கவனியுங்கள். பொலிஸார் தராசில் வைத்த மொத்த நிறை வேறு. அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கையில் வருவதுதான் கணக்கு. 14 கிராம் என்று பிடித்த பொட்டலத்தில் தூய நிறை 6 கிராமாக இருக்கலாம். அப்படியானால் உங்கள் மனு கொழும்புக்குப் போகத் தேவையில்லை, இங்கேயே மேல் நீதிமன்றத்தில் போடலாம். அதனால் அறிக்கை வந்ததா என்று விடாமல் கேளுங்கள்.

விதிவிலக்கான சூழ்நிலை எது என்று சட்டத்தில் எழுதவில்லை. குடும்பத்துக்கு உழைப்பவர் இவர் மட்டும்தான், பிள்ளைகள் சிறியவர்கள் என்பதை நீதிமன்றங்கள் பொதுவாகப் போதுமான காரணமாக எடுப்பதில்லை. கேட்கக் கஷ்டமாக இருக்கும், ஆனால் அதை மட்டும் எழுதிக் காசை வீணாக்க வேண்டாம். நியாயமில்லாத தாமதம், சிறைக்குள் வைத்தியம் பார்க்க முடியாத நோய் போன்றவை இருந்தால் ஆவணத்தோடு சொல்லுங்கள்.

முழங்காவில்: பிணை கிடைத்தும் என் கணவர் இன்னும் உள்ளே. இரண்டு சரீரப் பிணை கேட்டார்கள், ஆள் கிடைக்கவில்லை.

பிணைச் சீர்திருத்தம் என்று பேசுகிறவர்கள் வன்னியில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். சரீரப் பிணை என்றால், ஆள் வழக்குக்கு வராவிட்டால் இவ்வளவு தொகை கட்டுகிறேன் என்று இன்னொருவர் கையெழுத்து வைப்பது. சட்டம் பிணை கொடுத்துவிட்டது, ஆனால் அப்படி நிற்க ஆளில்லை. காணிக்கு உறுதி இல்லை, பெர்மிட்தான் இருக்கிறது. மாதச் சம்பளக்காரர் ஊரில் இரண்டு பேர், அவர்களும் யாருக்கோ ஏற்கெனவே நின்றுவிட்டார்கள். பிணைத் தொகை மிகையாக இருக்கக் கூடாது என்பதும் சட்டம்தான். கூலி வேலை செய்பவருக்கு ஐந்து லட்சம் சரீரப் பிணையும் அரச உத்தியோகத்தரும் கேட்பது என் பார்வையில் பிணை மறுப்புத்தான்.

நிபந்தனையை மாற்றும்படி ஒரு நகர்த்தல் விண்ணப்பம் போடலாம். தொகையைக் குறைக்கலாம், அரச உத்தியோகத்தருக்குப் பதிலாக நெருங்கிய உறவினரை ஏற்கலாம். பிணையாளி வரும்போது தேசிய அடையாள அட்டையும், கிராம அலுவலர் அண்மையில் கொடுத்த வதிவிடச் சான்றும் வேண்டும். பழைய சான்றைக் கொண்டுவந்து திரும்பிப் போனவர்கள் எத்தனையோ பேர். என்ன தொழில், மாதம் என்ன வருமானம் என்று நீதவான் கேட்டால் தடுமாறாமல் சொல்லப் பழக்கிக் கூட்டி வாருங்கள். காலையிலேயே வாருங்கள். பின்னேரம் காசாளர் போன பிறகு பிணை கையெழுத்தானால், அந்த இரவும் வவுனியாச் சிறைதான்.

மல்லாவி: நீதிமன்ற வாசலில் சனம் பதாகை பிடித்ததால் சந்தேகநபருக்குப் பிணை மறுத்தார்கள். அப்படிச் செய்யலாமா?

செய்யலாம். குற்றத்தின் பாரதூரமும் அதற்கு மக்கள் காட்டும் எதிர்ப்பும் பொது அமைதியைக் கெடுக்கும் என்றால் மறுக்கலாம் என்று அதே 14ஆம் பிரிவு சொல்கிறது. எனக்குப் பிடிக்காத பகுதி இது. பதாகை பிடிக்க ஆளுள்ள வழக்கில் ஒரு நியாயம், ஆளில்லாத வழக்கில் இன்னொரு நியாயம் என்று போய்விடும். ஆனால் மறுப்பதற்கான காரணத்தை நீதவான் எழுத்தில் தர வேண்டும். அதன் பிரதியை எடுத்துக்கொண்டு மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். கொலை வழக்கு என்றால் கதை வேறு. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கு நீதவான் பிணை கொடுக்கவே முடியாது.

நெடுங்கேணி: முகநூலில் படம் போட்ட பொடியனுக்கு ஏன் பிணை இல்லை?

பயங்கரவாதத் தடைச் சட்டமா, இன, மத வெறுப்பைத் தூண்டுவதைக் குற்றமாக்கும் ஐ.சி.சி.பி.ஆர். சட்டமா என்று பாருங்கள். முதலாவதுக்குப் பிணைச் சட்டம் பொருந்தாது. 2022இன் 12ஆம் இலக்கத் திருத்தத்தின்படி, கைதாகி 12 மாதமாகியும் நீதிமன்றத்தில் வழக்கு விசாரணை தொடங்கவில்லை என்றால் மேன்முறையீட்டு நீதிமன்றம் பிணை தரலாம். அந்த 12 மாதம் உள்ளே இருப்பதே தண்டனை, வேறு பெயர் வைக்க முடியாது. ஐ.சி.சி.பி.ஆர். என்றால் விதிவிலக்கான சூழ்நிலையில் மேல் நீதிமன்றம்.

செட்டிகுளம்: மணல் ஏற்றிய வழக்கில் தேடுகிறார்கள். முன்பிணை எடுக்கலாமா அண்ணை?

பிணை வழங்க முடியாத குற்றத்துக்குக் கைதாகலாம் என்று நம்பக் காரணம் இருந்தால்தான் முன்பிணை. சத்தியக்கடதாசியில் காரணத்தை விபரமாக எழுத வேண்டும், பொலிஸுக்கும் அறிவித்தல் போகும். பிணை வழங்கக்கூடிய குற்றமானால் சட்டத்தரணியோடு போய் ஆஜராகுங்கள், அதுதான் சுகம். மணலோடு பிடிபட்ட ட்ரக்டர் இருந்தால், அதை மீட்பது வேறு விண்ணப்பம்.

ரொறன்ரோவிலிருந்து, ஊர் பரந்தன்: இங்கே பிணைச் சட்டத்தை இறுக்கிவிட்டார்கள் என்கிறார்கள். அங்கேயும் அப்படியா?

கனடாவில் 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த மாற்றம், ஆயுதத்தோடு வன்முறை செய்து குற்றவாளியாகி, ஐந்து வருடத்துக்குள் திரும்பவும் அப்படியே பிடிபட்டவருக்கானது. தன்னை ஏன் விட வேண்டும் என்று அவரே காட்ட வேண்டும். மற்றவர்களுக்குப் பொதுவாக, ஏன் அடைக்க வேண்டும் என்று அரச தரப்புத்தான் காட்ட வேண்டும். இலங்கையில் இறுக்கம் தனித்தனிச் சட்டங்கள் வழியாக வருகிறது. பொதுச் சட்டம் தாராளம், அதைச் சுற்றியுள்ள வேலிகள் நெருக்கம்.

மாங்குளம்: அண்ணா கைதாகி 13 மாதம். களவு வழக்கு. இன்னும் குற்றப்பத்திரம் இல்லை. எவ்வளவு காலம் வைத்திருக்கலாம்?

பிணைச் சட்டம் பொருந்தும் வழக்கில் கைதான நாளிலிருந்து 12 மாதம்தான், 16ஆம் பிரிவு. அதற்கு மேல் வைத்திருக்கச் சட்டமா அதிபர் மேல் நீதிமன்றத்தில் அனுமதி எடுக்க வேண்டும். ஒரு தடவைக்கு மூன்று மாதம், எல்லாம் சேர்த்து இன்னொரு 12 மாதத்துக்கு மேல் போகக் கூடாது. அப்படி நீடிப்பு எடுத்தார்களா என்று வழக்குக் கோவையில் பாருங்கள். எடுக்கவில்லை என்றால் அடுத்த தவணைவரை காத்திராமல் விண்ணப்பம் போடுங்கள். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போகலாம், பீ அறிக்கையின் பிரதியையும் வழக்கிலக்கத்தையும் கொண்டு போங்கள். களவு போனது அரச சொத்து, பெறுமதி 25,000 ரூபாய்க்கு மேல் என்று பொலிஸ் அத்தாட்சிப்படுத்தியிருந்தால் பொதுச் சொத்துச் சட்டம் குறுக்கே வரும். அதற்கும் விதிவிலக்கான சூழ்நிலை காட்ட வேண்டும். அந்தக் கடதாசி கோவையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.