'பிட்வீன் யூ அண்ட் ஐ' தவறா? ஆங்கில முன்னிடைச்சொற்களும் பிரதிப்பெயர்களும்

'டு', 'வித்', 'பிட்வீன்' போன்ற முன்னிடைச்சொல்லை அடுத்து வரும் பிரதிப்பெயர் ('ஐ', 'மீ', 'ஹி', 'ஹிம்' போன்ற சொல்) எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பதைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். இவற்றில் காணப்படும் பிழைகள் சில, நம் தமிழ் இலக்கணத்தை ஒரு கணம் நினைத்துப் பார்த்தாலே விலகிவிடும். வேறு சில, தமிழ் வழக்கை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவதால் விளைபவை.

கேள்வி: நன்கு படித்தவர்களும் 'பிட்வீன் யூ அண்ட் ஐ' என்று பேசுகிறார்கள். ஷேக்ஸ்பியரே அப்படி எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். பிறகு எப்படி அது தவறாகும்?

பதில்: ஷேக்ஸ்பியரின் நாடகப் பாத்திரமான அன்டோனியோ எழுதும் கடிதத்தில் அத்தொடர் இருப்பது உண்மைதான். ஆயினும் இன்றைய எழுத்து வழக்கில் 'பிட்வீன் யூ அண்ட் மீ' என்பதே ஏற்கப்பட்ட வடிவம். தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் அதையே எழுதுங்கள்.

'ஐ', 'ஹி', 'ஷி', 'வீ', 'தே' ஆகியவை எழுவாயாக நிற்பதற்குரியவை. முன்னிடைச்சொல் எதுவானாலும் அதன் பின் 'மீ', 'ஹிம்', 'ஹெர்', 'அஸ்', 'தெம்' என்ற வடிவங்களே வரும். இதில் தமிழருக்குப் புதுமை ஒன்றும் இல்லை. 'நான்' என்னும் சொல் வேற்றுமை உருபை ஏற்கும்போது 'என்' என்று திரிகிறது. 'நானுக்கு', 'நானோடு' என்று நாம் சொல்வதில்லை. ஆங்கிலத்தில் உருபின் வேலையைச் செய்யும் சொல் பின்னால் ஒட்டாமல் முன்னால் தனித்து நிற்கிறது; பிரதிப்பெயர் திரிய வேண்டிய கட்டாயம் இரு மொழிகளுக்கும் பொது.

பிழை நேர்வது பெரும்பாலும் இரண்டு பெயர்களை இணைக்கும் இடத்தில்தான். 'கிவ் இட் டு ஐ' என்று யாரும் எழுதுவதில்லை. 'கிவ் இட் டு ஹெர் அண்ட் ஐ' என்று எழுதுவோர் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிடையேயும் இருக்கிறார்கள். சிறுவயதில் 'மீ அண்ட் ஹிம் வென்ட்' என்று சொல்லித் திருத்தப்பட்டவர்கள், 'மீ' என்ற சொல்லே கொச்சையானது என்று எண்ணிக்கொண்டு அது சரியாக வரும் இடத்திலும் அதைத் தவிர்க்கிறார்கள் என்பதே இதற்குச் சொல்லப்படும் வழக்கமான விளக்கம். தமிழ் நமக்கு இங்கே கைகொடுக்கிறது: 'உனக்கும் எனக்கும் இடையே' என்று ஒவ்வொரு பெயரிலும் தனித்தனியே உருபு சேர்த்துத்தான் சொல்கிறோம், ஆங்கிலத்திலும் முன்னிடைச்சொல் இரண்டு பெயர்களையும் சமமாக ஆள்கிறது. ஐயம் எழுந்தால் மற்றவரை நீக்கிவிட்டு வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள். 'பிட்வீன்' இருவரைக் கேட்கும் சொல் ஆகையால் அங்கே மட்டும் இந்தச் சோதனை செல்லாது. அதற்குப் பதிலாக இருவரையும் ஒரே சொல்லில் அடக்கினால், 'பிட்வீன் வீ' என்பது காதுக்கே உறுத்தும், 'பிட்வீன் அஸ்' இயல்பாக ஒலிக்கும்.

கேள்வி: அப்படியானால் 'யூ' மட்டும் ஏன் மாறுவதே இல்லை?

பதில்: ஒரு காலத்தில் மாறியது. எழுவாய்க்கு 'யீ' என்றும் மற்ற இடங்களுக்கு 'யூ' என்றும் இரண்டு வடிவங்கள் இருந்தன. 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் விவிலியத்தில் அந்த வேறுபாட்டைக் காணலாம். பின்னர் 'யீ' வழக்கிழந்து, 'யூ' இரண்டு இடங்களையும் பிடித்துக்கொண்டது.

கேள்வி: 'அவன் பையைத் தன்னுடன் எடுத்துச் சென்றான்' என்பதை 'ஹி டுக் த பேக் வித் ஹிம்செல்ஃப்' என்று எழுதினேன். ஆசிரியர் 'வித் ஹிம்' என்று திருத்தினார். 'தன்' என்பதற்கு 'ஹிம்செல்ஃப்' பொருந்தாதா?

பதில்: பல இடங்களில் பொருந்தும், இங்கே பொருந்தாது. தமிழ் பழகிய மனம் எளிதில் வழுக்கும் இடம் இது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

செயல் எழுவாயிடமே திரும்புகிறது என்றால் தமிழில் 'தன்' வந்துவிடும். ஆங்கிலமோ முன்னிடைச்சொல்லின் வேலையைப் பார்த்து முடிவு செய்கிறது. அது இடத்தையோ உடன் இருத்தலையோ மட்டும் குறித்தால் சாதாரண வடிவமே போதும்: 'ஷி புட் த புக் பிசைட் ஹெர்', 'க்ளோஸ் த டோர் பிஹைண்ட் யூ', 'ஐ ஹாவ் நோ மணி ஆன் மீ'. கதவை நமக்குப் பின்னால்தான் சாத்துவோம், பையை நம்மோடுதான் எடுத்துச் செல்வோம் என்பது சூழலிலிருந்தே விளங்கிவிடுவதால் 'செல்ஃப்' தேவைப்படுவதில்லை.

முன்னிடைச்சொல் வினையோடோ பெயரடையோடோ பிணைந்து, யாரைக் குறித்து என்னும் பொருளைத் தரும்போது நிலைமை வேறு. 'ஷி இஸ் ப்ரௌட் ஆஃப் ஹெர்செல்ஃப்' என்றால் தன்னைப் பற்றிய பெருமிதம். 'ப்ரௌட் ஆஃப் ஹெர்' என்றால் வேறொரு பெண்ணைப் பற்றியது. 'ஹி டாக்ஸ் டு ஹிம்செல்ஃப்' என்பதிலும் அவ்வாறே. 'பை' என்னும் சொல்லோ இன்னொரு வழியில் போகிறது: 'பை ஹிம்செல்ஃப்' என்றால் தனியாக, 'பை ஹிம்' என்றால் அவனால்.

மேலே சொன்ன 'பிசைட் ஹெர்' என்பதில் புத்தகம் வேறொருத்தியின் அருகே வைக்கப்பட்டதாகவும் பொருள் கொள்ளலாம். 'தன் அருகே', 'அவள் அருகே' என்று தமிழ் தெளிவாகப் பிரித்துக் காட்டுவதை ஆங்கிலம் சூழலிடம் விட்டுவிடுகிறது. இந்த ஒரு விஷயத்தில் நம் மொழியே கூர்மையானது என்பேன்.

கேள்வி: அலுவலக மின்னஞ்சல்களில் 'ப்ளீஸ் ரிப்ளை டு மைசெல்ஃப்' என்று வருகிறதே, அது மரியாதையான வடிவமா?

பதில்: அன்று. 'ரிப்ளை டு மீ' என்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை.

கேள்வி: 'பிக் அப் இட்' தவறு, 'பிக் இட் அப்' சரி என்கிறார்கள். 'லுக் ஆஃப்டர் ஹெர்' என்பதை மட்டும் 'லுக் ஹெர் ஆஃப்டர்' என்று மாற்றக் கூடாதாம். இதற்கு விதி உண்டா?

பதில்: உண்டு. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் அந்த 'அப்' முன்னிடைச்சொல்லாக வேலை செய்யவில்லை; அது வினையின் ஒரு துண்டு. அத்தகைய துண்டுக்கும் வினைக்கும் நடுவில்தான் பிரதிப்பெயர் நிற்க வேண்டும். முழுப் பெயர்ச்சொல்லாக இருந்தால் 'பிக் அப் த புக்', 'பிக் த புக் அப்' என இரண்டு விதமாகவும் சொல்லலாம். பிரதிப்பெயருக்கு அந்தச் சலுகை இல்லை. 'லுக் ஆஃப்டர்' என்பதில் உள்ள 'ஆஃப்டர்' உண்மையான முன்னிடைச்சொல் ஆகையால், அதைத் தாண்டிப் பிரதிப்பெயர் முன்னால் வர முடியாது.

இவ்விரண்டையும் பிரித்தறிய இலக்கண ஆசிரியர்கள் காட்டும் ஓர் இணை எனக்கு மிகவும் பிடித்தது. 'ஹி ரான் அப் எ ஹில்' என்றால் குன்றின் மேல் ஓடினான். 'ஹி ரான் அப் எ பில்' என்றால் கடனை ஏற்றிக்கொண்டான். ஓர் எழுத்துதான் மாறுகிறது. குன்றுக்குப் பிரதிப்பெயர் இட்டால் 'ரான் அப் இட்', கடனுக்கு இட்டால் 'ரான் இட் அப்'. பேச்சில் காதும் உதவும்: வினையின் துண்டாக வரும் சொல் அழுத்தம் பெறும், முன்னிடைச்சொல் பெரும்பாலும் அழுத்தமின்றி ஒலிக்கும். 'புட் அப் வித் ஹிம்', 'லுக் ஃபார்வர்ட் டு இட்' போன்ற மூன்று சொல் வினைகளில் இறுதியில் இருப்பது முன்னிடைச்சொல் என்பதால் பிரதிப்பெயரும் கடைசிக்கே போய்விடும்.

கேள்வி: 'எக்ஸ்ப்ளெய்ன் மீ', 'எக்ஸ்ப்ளெய்ன் டு மீ' எது சரி? 'டெல் டு மீ' என்றும் சொல்லலாமா?

பதில்: 'எக்ஸ்ப்ளெய்ன் இட் டு மீ' என்பதே சரி; 'டெல்' என்பதற்கு 'டு' வேண்டியதில்லை, 'டெல் மீ' போதும். தமிழில் 'எனக்கு விளக்கு', 'எனக்குச் சொல்' என்று இரண்டுக்கும் ஒரே நான்காம் வேற்றுமை வருவதால், எந்த ஆங்கில வினை 'டு' கேட்கும் என்பதைத் தமிழைக் கொண்டு ஊகிக்க முடியாது. மனத்தில் பதிய வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. 'எக்ஸ்ப்ளெய்ன்', 'சே', 'ஸஜஸ்ட்', 'டிஸ்க்ரைப்', 'லிஸன்' ஆகியவை ஆளைக் குறிக்கும்போது 'டு' கேட்கும். 'டெல்', 'ஆஸ்க்' ஆகியவை கேட்கமாட்டா; தொலைபேசியில் அழைப்பதைக் குறிக்கும் 'கால்' என்பதும் அப்படியே. 'மேரி' என்னும் வினையோடு 'வித்' சேர்ப்பதும் பரவலான பிழை; 'ஹி மேரீட் ஹெர்' என்பதே முழு வாக்கியம்.

கேள்வி: 'எ ஃப்ரெண்ட் ஆஃப் மைன்' என்பதில் 'மைன்' எப்படி வந்தது? 'ஆஃப்' முன்னிடைச்சொல்தானே, 'மீ' அல்லவா வர வேண்டும்?

பதில்: நீங்கள் கேட்பது நியாயமே. 'என் நண்பர்களுள் ஒருவர்' என்ற உரிமைப் பொருளில் 'மைன்', 'யுவர்ஸ்', 'ஹிஸ்' போன்ற உடைமை வடிவங்கள் 'ஆஃப்' என்பதன் பின் வரலாம். 'மீ' வந்தால் பொருளே மாறும்: 'எ ஃபோட்டோ ஆஃப் மீ' என்றால் என் உருவம் இருக்கும் படம், 'எ ஃபோட்டோ ஆஃப் மைன்' என்றால் எனக்குச் சொந்தமான படம், அதில் இருப்பது மலையாகவும் இருக்கலாம்.

கேள்வி: 'ஹூ ஆர் யூ டாக்கிங் டு' என்று முன்னிடைச்சொல்லில் வாக்கியத்தை முடிப்பது குற்றமா?

பதில்: இல்லை. அதைக் குறையாகச் சுட்டியவர்களுள் முதன்மையானவர் கவிஞர் ஜான் டிரைடன். 1672இல் நாடகாசிரியர் பென் ஜான்சனின் வரிகளில் அதைக் கண்டு குறை சொன்னார். பள்ளி இலக்கணங்கள் அதைப் பிற்பாடு விதியாகவே ஆக்கிவிட்டன. ஆங்கிலம் பேசுவோரோ அன்றும் இன்றும் அதைப் பொருட்படுத்தியதில்லை. நினைவில் கொள்ள வேண்டியது வேறு: முன்னிடைச்சொல்லை வாக்கியத்தின் முன்னால் கொண்டுவந்தால் 'டு ஹூம்' என்றே எழுத வேண்டும். அதேபோல் 'த ஹவுஸ் இன் விச் ஐ லிவ்' சரி, 'இன் தட் ஐ லிவ்' ஒருபோதும் சரியாகாது. 'தட்' வேண்டுமென்றால் 'த ஹவுஸ் தட் ஐ லிவ் இன்' என்று முன்னிடைச்சொல்லை இறுதிக்குத் தள்ளிவிடுங்கள்.

கேள்வி: திரைப்படங்களில் 'லுக் அட் தெம்' என்பது 'லுக் அட்டெம்' என்று கேட்கிறது. சோம்பல் உச்சரிப்பா?

பதில்: முன்னிடைச்சொல்லும் பிரதிப்பெயரும் அழுத்தமின்றி அடுத்தடுத்து வரும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது ஆங்கிலப் பேச்சின் இயல்பு, 'டு ஹிம்' என்பதில் ஹகரம் மறைவதும் அவ்வாறே. யாருக்கு என்று வேறுபடுத்திக் காட்டும்போது மட்டும் பிரதிப்பெயர் முழுதாக ஒலிக்கும். அந்த 'எம்' என்பதைத் 'தெம்' தேய்ந்த வடிவம் என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது பழைய ஆங்கிலச் சொல்லான 'ஹெம்' என்பதன் எச்சம். 'தெம்' என்பதுதான் ஸ்காண்டிநேவிய மொழியிலிருந்து பின்னர் வந்து சேர்ந்தது.