அந்த 23 எங்கே போனது?

அன்புள்ள அண்ணா,

நாங்கள் நாலு பேர் ஆறு மாதமாக டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுகிறோம், ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் மேசை விளையாட்டு. 2014 விதிகள்தான். போன வாரம் எங்கள் பார்ட்டி, அதாவது எங்கள் நாலு கதாபாத்திரங்களும், முழுக்கச் செத்துப்போனது. எல்லோரும் மூன்றாம் லெவல். ஒரு குறுகலான மலைப்பள்ளத்தில் ஆறு கோப்ளின்களும் (குட்டிப் பூதங்கள்) ஓர் ஓகரும் (பெரிய அரக்கன்) வழிமறித்தார்கள். யார் முதலில் ஆடுவது என்ற இனிஷியேட்டிவ் பகடை எங்களுக்குச் சாதகமாகவே விழுந்தது, நால்வரும் எதிரிகளுக்கு முன்னால் ஆடினோம். ரோக் (பதுங்கித் தாக்குபவள்) தூரத்தில் நின்ற ஒரு கோப்ளின் மேல் அம்பு விட்டாள், 4 டேமேஜ். விசார்ட் (மந்திரவாதி) மேஜிக் மிசைல் என்ற மூன்று மந்திரக் கணைகளை மூன்று கோப்ளின்களுக்குப் பிரித்து விட்டான், 3, 3, 4. நான் ஃபைட்டர், அதாவது போர்வீரர். நேராக ஓகரிடம் ஓடி 9 அடித்தேன். க்ளெரிக் (குணப்படுத்தும் பூசாரி) என் பக்கத்தில் வந்து அதே ஓகரை கதாயுதத்தால் அடித்தான், படவில்லை. அப்புறம் கோப்ளின்களின் ஆறு அம்பும் விசார்ட் மேல் வந்தது. நாலு பட்டது. 20 ஹெச்.பி.யும் (உயிர்ப்புள்ளிகள்) போய் விழுந்துவிட்டான். அவனைத் தொட்டுக் குணப்படுத்த க்ளெரிக் திரும்பி ஓடினான். ஓகரை விட்டு விலகும்போது அடி வாங்கி, அடுத்த ரவுண்டில் அவனும் விழுந்தான். மிச்சத்தைச் சொல்ல வேண்டாம்.

டைஸ் சரியில்லை என்கிறார்கள். டிஎம் (ஆட்டத்தை நடத்தி எதிரிகளை ஆடுபவர்) ஓரவஞ்சனை செய்தார் என்று விசார்ட் நண்பன் கோபித்துக்கொண்டு வருவதில்லை. அடுத்த முறை நான் எல்லோருக்கும் திட்டம் போட்டுக் கொடுக்கலாமா என்று கேட்டால், "கதை விளையாட வந்தோம், செஸ் ஆட இல்லை" என்கிறாள் ரோக். உங்கள் கருத்து என்ன?

அ., கோவை

அன்புள்ள அ.,

இவ்வளவு நுணுக்கமாக எண்களோடு எழுதியதற்கு நன்றி. உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு முதல் ரவுண்டை ஒரு தாளில் திரும்ப ஆடிப் பார்த்தேன். டைஸ் சரியில்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். க்ளெரிக்கின் அடி தவறியதைத் தவிர எல்லாம் சுமாராகவே விழுந்திருக்கிறது. மொத்தம் 23 டேமேஜ். ஆனால் அந்த ரவுண்டு முடியும்போது எதிரில் ஏழு பேர் அப்படியே நிற்கிறார்கள். அந்த 23 எங்கே போனது என்பதுதான் கேள்வி.

கோப்ளினுக்கு 7 ஹெச்.பி. இப்போது அதே எண்களை வேறு மாதிரி அடுக்குங்கள். ரோக்கின் அம்பில் ஒரு கோப்ளினுக்கு 4 போனது, மிச்சம் 3. விசார்ட் அதன் மேலேயே ஒரு மிசைலை விட்டிருந்தால், அந்த 3 போதும், செத்தது. மற்ற இரண்டு மிசைலையும் இன்னொரு கோப்ளின் மேல் சேர்த்து விட்டிருந்தால் 3, 4, சரியாக 7. அதுவும் செத்தது. நீங்கள் அடித்த 9 ஒரு கோப்ளின் மேல் விழுந்திருந்தால் மூன்றாவதும் காலி. ஒரு பகடையைக்கூட மாற்றிப் போடவில்லை. ஏழு எதிரிகள் நாலு பேராகிவிட்டார்கள். விசார்ட்டை நோக்கி வந்த அம்பு ஆறில்லை, மூன்று. அம்புக்குச் சராசரி 5. மூன்றும் பட்டிருந்தாலும் 15தான், உங்கள் நண்பர் நின்றுகொண்டிருப்பார். அவர் நின்றிருந்தால் க்ளெரிக் திரும்பி ஓடியிருக்க மாட்டார். அங்கிருந்துதான் எல்லாம் சரிந்தது.

மிசைல் எவ்வளவு அடிக்கும் என்று முன்கூட்டியே தெரியாதே என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் ஒவ்வொன்றும் 1டி4 கூட்டல் 1, அதாவது ஒரு நாலுமுகப் பகடையோடு 1. மூன்று ஹெச்.பி. மிச்சமுள்ள கோப்ளினை ஒரு மிசைல் கொல்ல நாலில் மூன்று வாய்ப்பு. முழு உயிரோடு இருப்பதை இரண்டு மிசைல் கொல்ல பதினாறில் பத்து. முழு உயிரோடு இருக்கும் மூன்றுக்குப் பிரித்து விட்டால் ஒன்றுகூடச் சாகாது என்பது மட்டும் உறுதி, ஏனென்றால் ஒரு மிசைலின் உச்சமே 5.

இந்த விளையாட்டில் காயம்பட்டவன் பலவீனமாவதில்லை. ஒரே ஒரு ஹெச்.பி. மிச்சமுள்ள கோப்ளினும் முழுசாக இருப்பதைப் போலவே அம்பு விடும். கபடியில் ரெய்டரின் காலைப் பிடித்துவிட்டு நழுவவிட்டால் புள்ளி உண்டா? இங்கேயும் அப்படித்தான். அதனால் நான் போர் தொடங்கியதும் டேமேஜைக் கணக்குப் போடுவதில்லை. எதிராளிக்கு அடுத்த ரவுண்டில் எத்தனை முறை ஆட வாய்ப்பு இருக்கிறது என்று எண்ணுவேன். கொன்றாலும் சரி, தூங்க வைத்தாலும் சரி, கட்டிப்போட்டாலும் சரி, அந்த எண் குறைய வேண்டும்.

அதனால்தான் உங்கள் விசார்ட்டிடம் வேறு என்ன ஸ்பெல் (மந்திரம்) இருந்தது என்று அறிய ஆசை. மூன்றாம் லெவலில் வெப் (மந்திர வலை) எடுத்திருக்கலாம். குறுகலான மலைப்பள்ளம் என்று எழுதியிருக்கிறீர்கள். வெப்பைக் கட்ட இரண்டு பக்கமும் பாறை வேண்டும், அது அங்கே தயாராக இருக்கிறது. ஓகருக்கு டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) 8, தப்பிக்கும் பகடையில் ஒன்று கழியும். சிக்கினால் நகர முடியாது, அது அடிப்பது டிஸ்அட்வான்டேஜில் (இரண்டு பகடையில் குறைந்தது), அதை நாம் அடிப்பது அட்வான்டேஜில் (இரண்டில் கூடியது). பலத்தால் பிய்த்துக்கொண்டு வரலாம்தான், ஆனால் அதற்கு ஓர் ஆக்ஷன் செலவாகும். பிய்த்துக்கொண்டு வந்தாலும் அதன் ஒரு முறை போச்சு. இல்லையென்றால் தூங்க வைக்கும் ஸ்லீப். 2014 விதிப்படி 5டி8 (ஐந்து எட்டுமுகப் பகடை) உருட்ட வேண்டும், சராசரி 22.5. அத்தனை ஹெச்.பி. அளவுக்கு எதிரிகள் தூங்குவார்கள். அதாவது அருகருகே நிற்கும் மூன்று கோப்ளின்கள், தப்பிக்கப் பகடையே கிடையாது. (2024 திருத்தத்தில் இது மாறிவிட்டது, விஸ்டம் சேவ், அதாவது தப்பிக்கும் பகடை, உண்டு.) பலர் இப்படிப்பட்ட ஸ்பெல்லைக் கடைசிப் பெரிய சண்டைக்கென்று மிச்சம் பிடித்து வைத்திருப்பார்கள். பிணத்தின் பையில் மிச்சமிருக்கும் ஸ்பெல்லால் யாருக்கும் பயனில்லை.

க்ளெரிக் விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு மிகவும் பிடித்த வேடம் அது. முதல் முறையில் கதாயுதத்தைத் தூக்கிக்கொண்டு ஓகர் பக்கத்தில் போய் நின்றதுதான் பிழை. அந்த இடத்தில் ப்ளெஸ் (ஆசீர்வாத மந்திரம்) போட்டிருக்க வேண்டும். மூன்று பேருக்கு, ஒவ்வொரு தாக்குதலிலும் ஒவ்வொரு சேவிலும் ஒரு டி4 கூடும். கோப்ளினின் ஆர்மர் கிளாஸ் 15, அதாவது அடி பட இருபதுமுகப் பகடையில் கூட்டி 15 வர வேண்டும். தாக்கும் பகடையில் +5 இருந்தால் உங்களுக்கு அடி பட 55 விழுக்காடு. ப்ளெஸ் இருந்தால் 67.5. இது கான்சன்ட்ரேஷன் (மனதை ஒருமுகப்படுத்திப் பிடித்திருக்கும்) ஸ்பெல், அடி வாங்கினால் கலையக்கூடும். அதனால் போட்டுவிட்டு ஒரு பாறைக்குப் பின்னால் நிற்க வேண்டும். பாறைக்குப் பின்னால் நிற்பது கோழைத்தனம் இல்லை, மூன்று பேரின் +2.5-ஐ (அந்த டி4-இன் சராசரி) காப்பாற்றும் வேலை.

குணப்படுத்துவதிலும் ஒன்று. க்யூர் வூண்ட்ஸ் ஸ்பெல்லுக்குத் தொட வேண்டும், ஆக்ஷன் போகும், ஓடும்போது அடி விழும். ஹீலிங் வேர்ட் 60 அடி தூரத்திலிருந்து போனஸ் ஆக்ஷனில் (ஆக்ஷனைச் செலவிடாமல்) முடிந்துவிடும். 2014-இல் வெறும் 1டி4 கூட்டல் மாடிஃபயர்தான் (கதாபாத்திரத்தின் திறனுக்கான கூட்டல்), அதனால் பலர் அதை அற்பமாக நினைத்துத் தயார் செய்வதில்லை. விழுந்து கிடப்பவர் 5 ஹெச்.பி.யோடு எழுந்தால் அவருக்கு ஒரு முழு முறை கிடைக்கிறது. 13 அடிக்கும் ஓகருக்கு எதிரே 8 குணப்படுத்திக்கொண்டே நிற்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் விழுந்தவரை நீண்ட நேரம் கிடக்க விடாதீர்கள். பக்கத்தில் நிற்கும் எதிரி அடித்தால் ஒரே அடியில் இரண்டு டெத் சேவ் (விழுந்தவர் உயிருக்காக உருட்டும் பகடை) தோல்வி.

ரோக்குக்கு ஒரு வார்த்தைதான். அவர் குறிவைக்கும் எதிரிக்கு 5 அடிக்குள் நீங்கள் நின்றால் மூன்றாம் லெவலில் இன்னும் 2டி6 டேமேஜ் கிடைக்கும். தூரத்துக் கோப்ளின் மேல் விட்டதால் அது கிடைக்கவில்லை. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதில்தான் அவருடைய பலம் இருக்கிறது.

சரி, திட்டம் போட்டுக் கொடுக்கலாமா என்ற கேள்வி. உங்கள் ஆர்வம் புரிகிறது. ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன், ரோக் தோழி சொன்ன காரணத்துக்காக மட்டும் அல்ல.

இந்த விளையாட்டு போர் விளையாட்டிலிருந்து பிறந்தது. அமெரிக்காவில் விஸ்கான்சினின் லேக் ஜெனீவாவைச் சேர்ந்த கேரி கைகாக்ஸ், ஜெஃப் பெரனோடு சேர்ந்து 1971-இல் இடைக்காலப் படைகளுக்கான செயின்மெயில் விதிகளை வெளியிட்டார். டேவ் ஆர்னெசனோடு சேர்ந்து உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-இல் வந்தது. பழைய போர் விளையாட்டில் ஒருவர் கையில் ஒரு படை. இங்கே ஒருவர் கையில் ஒரே ஓர் ஆள். எனக்கு இந்த விளையாட்டின் மீது இத்தனை வருடமாகத் தீராத பிரியம் இருப்பதற்குக் காரணமே இந்த மாற்றம்தான். நாலு பேருடைய முறையையும் நீங்களே ஆடினால் 1971-க்குத் திரும்பிப் போகிறீர்கள், மற்ற மூவரும் உங்கள் பொம்மைகள் ஆகிறார்கள். அப்படி ஆடிய ஒரு மேசையில் நான் ஒரு வருடம் இருந்தேன். நாங்கள் சண்டைகளில் தோற்றதே இல்லை. ஒவ்வொருவராக வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

இப்போது எங்கள் மேசையில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். தன் முறை முடியும்போது ஒரே ஒரு வாக்கியம், அதுவும் கதாபாத்திரத்தின் வாயால். "கிணற்றடியில் நிற்பவனுக்குக் கால் போயிற்று, யாராவது முடியுங்கள்." அவ்வளவுதான். விதிப்படி ஒரு ரவுண்டு ஆறு நொடி, ஆறு நொடியில் அதற்கு மேல் கத்த முடியாது. எதைச் செய்ய வேண்டும் என்று யாரும் யாருக்கும் சொல்வதில்லை. நான் என்ன செய்தேன், எதை மிச்சம் வைத்தேன் என்று மட்டும் சொல்வோம். அடுத்தவர் கேட்டும் வேறு எதையாவது செய்யலாம், அது அவர் உரிமை. இந்த ஒரு வாக்கியம் வந்த பிறகு மற்றவர் முறையில் யாரும் போனை எடுப்பதில்லை.

அது கதையைக் கெடுக்குமா? சில மாதங்களுக்கு முன் நடந்தது. தப்பி ஓடும் கொலைகாரனை நோக்கி எங்கள் ரேஞ்சர் அம்பு விட்டார். 15 வேண்டும், 13 வந்தது. ச்சே என்று பகடையை எடுக்கப் போனவர் நின்றார், ப்ளெஸ் இருக்கிறதே. டி4 உருண்டு மேசை ஓரத்தில் நின்றது, 2. எல்லோரும் ரேஞ்சரைப் பார்க்கவில்லை, ஐந்து ரவுண்டாகத் தூணுக்குப் பின்னால் குனிந்து கிடந்த எங்கள் க்ளெரிக்கைத்தான் பார்த்தோம். அன்று இரவு அந்த ரேஞ்சர் கதாபாத்திரம் அவருடைய தெய்வத்தின் பெயரைத் தன் வில்லில் செதுக்கிக்கொண்டது. அப்படி ஒரு காட்சியை யாரும் திட்டமிட்டு எழுதிவிட முடியாது. ரோக் தோழியிடம் இதைச் சொல்லுங்கள்.

டிஎம் மேல் கோபப்படுவது நியாயமில்லை. மூன்றாம் லெவலில் நால்வருக்கு அது டெட்லி (உயிராபத்தான) கணக்கில் வரும் சண்டை என்பது உண்மை, ஆனால் ஜெயிக்கக்கூடியதுதான். ஆறு அம்பும் விசார்ட் மேல் என்பது கோப்ளின்கள் சேர்ந்து ஆடியது, ஓரவஞ்சனை அல்ல. 1987-இல் இந்த விளையாட்டுக்கான டிராகன் இதழின் தலையங்கத்தில் ரோஜர் மூர், டக்கர் என்ற டிஎம் நடத்திய கோபோல்டுகளைப் பற்றி எழுதினார். இருப்பதிலேயே பலவீனமான பிராணிகள். தீயையும் குறுகிய சுரங்கங்களையும் வைத்துக்கொண்டு உயர்ந்த லெவல் வீரர்களை அலறி ஓட வைத்தன. இன்றுவரை டிஎம்கள் அதைப் பேசுகிறார்கள்.

விசார்ட் நண்பருக்கு மெசேஜ் அனுப்ப வேண்டாம், நேரில் போய்ப் பாருங்கள். முதல் ரவுண்டிலேயே விழுந்து, மிச்ச நேரம் முழுக்க டெத் சேவ் உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அவர். உங்கள் 9 கோப்ளின் மேல் விழுந்திருந்தால் அவர் நின்றிருக்கக்கூடும் என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். இந்தக் கணக்குத் தாளையும் எடுத்துப் போங்கள். புதிய கதாபாத்திரங்களை நால்வரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து உருவாக்குங்கள், அவர் ஸ்லீப் எடுத்தால் நீங்கள் எங்கே நிற்பீர்கள் என்று அப்போதே பேசலாம். உங்கள் டிஎம் அந்த ஓகரை உயிரோடு வைத்திருக்கிறாரா? அடுத்த ஆட்டம் முடிந்ததும் எழுதுங்கள், காத்திருப்பேன்.

அன்புடன்,
அண்ணா