சமையலறைத் தொட்டியின் கழிவுநீர்க் குழாய் ஒழுகினால் நாமே சரிசெய்ய முடியுமா?

பெரும்பாலும் முடியும். தொட்டிக்கு அடியில் வளைந்து செல்லும் குழாய் ஒரே துண்டு அல்ல. சில துண்டுகளை நட்டுப் போட்டு இணைத்திருப்பார்கள். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் நீர் தேங்கி, சாக்கடை நாற்றம் மேலே வராமல் தடுக்கிறது. ஒழுகல் பொதுவாகக் குழாயில் அல்ல, இணைப்பில்தான் இருக்கும்.

ஒவ்வொரு நட்டுக்குள்ளும் ஒரு வாஷர் உண்டு. தண்ணீர் பாட்டில் மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையம் போன்றதுதான் அது: அழுந்தி இடைவெளியை அடைக்கிறது. சூடான நீரும் எண்ணெய்ப் பிசுக்கும் பட்டு நாளடைவில் இறுகி வெடித்தால் நீர் கசியும்.

முதலில் குழாய்களை நன்றாகத் துடைத்துவிட்டுத் தண்ணீரைத் திறந்து, காகிதத்தால் ஒவ்வோர் இணைப்பாகத் தொட்டுப் பாருங்கள். இதை அவசரப்படாமல் செய்யுங்கள். மேலே கசியும் நீர் வழிந்து கீழே சொட்டி ஏமாற்றிவிடும். பிறகு அடியில் வாளி வைத்து, நட்டைக் கழற்றி, அதே அளவுள்ள புது வாஷரைப் போடுங்கள். அதன் சரிவான பக்கம் நட்டை நோக்கி அல்லாமல், இணைப்பின் உட்புறம் நோக்கி இருக்க வேண்டும். நட்டைக் கையால் இறுக்கினாலே பெரும்பாலும் போதும்.

மரையில் டெஃப்லான் டேப் சுற்றினால் ஒழுகல் நிற்கும் என்று பலர் நம்புகிறார்கள். இவ்வகை இணைப்பில் நீரைத் தடுப்பது மரை அல்ல, வாஷர்தான்.