ஹோம் ரன் அடிப்பவரின் வலு ஏன் இறங்குகிறது? நம் கடற்கரை சிக்ஸருக்கும் அது பொருந்துமா?

கேள்வி இது: "பேஸ்பாலில் ஒரு சீசனுக்கு 40 ஹோம் ரன் (பந்தை வேலிக்கு அப்பால் அடிப்பது) அடித்த ஆள் சில வருஷத்தில் பத்து, பன்னிரண்டுக்கு இறங்கிவிடுகிறார். ஆளைப் பார்த்தால் முன்பைவிடக் கட்டுமஸ்தாகத்தான் தெரிகிறார். ஏன்? கீழக்கரையில் எங்கள் காக்காவும் (அண்ணன்) அப்படித்தான். வயது 34. டென்னிஸ் பால் டோர்னமெண்டில் சிக்ஸருக்கு என்றே பெயர் வாங்கியவர். துபாயிலிருந்து லீவில் வந்து ஆடினால் இப்போது எல்லாம் பௌண்டரி ஓரத்தில் கேட்ச். காரணம் ஒன்றுதானா?"

பெரும்பகுதி ஒன்றுதான். ஆனால் "வலு போய்விட்டது" என்று ஊரில் சொல்கிற அளவுக்கு வலு போயிருக்காது. கொஞ்சம்தான் குறைந்திருக்கும். அந்தக் கொஞ்சத்துக்கே கணக்கு தலைகீழாகிவிடும்.

அமெரிக்காவின் முதல்நிலை பேஸ்பால் போட்டியான மேஜர் லீகில் மட்டையின் சராசரி வேகம் மணிக்கு 72 மைல் அளவில் இருக்கிறது. பந்து மட்டையை விட்டுக் கிளம்பும் வேகத்தை ஏறத்தாழ இப்படிப் போடலாம்: மட்டையின் வேகத்தை 1.2 ஆல் பெருக்குங்கள், வந்துசேரும் பந்தின் வேகத்தை 0.2 ஆல் பெருக்குங்கள், இரண்டையும் கூட்டுங்கள். 94 மைலில் பிட்சர் (பந்து வீசுபவர்) கையை விட்ட பந்து அடிப்பவரிடம் வரும்போது 86க்கு வந்திருக்கும். ஆக 86.4 கூட்டல் 17.2, மொத்தம் 103.6 மைல். 28 பாகை வாக்கில் ஏறினால் 400 அடிக்குப் பக்கத்தில் போய் விழும். இப்போது மட்டை வேகம் 3 மைல் மட்டும் குறைகிறது என்று வையுங்கள். பந்து 100 மைலில்தான் கிளம்பும். கிளம்பும் வேகத்தில் ஒரு மைல் என்பது தூரத்தில் சுமார் 5 அடி. போனது 18 அடி. மட்டை வேகத்தில் இழப்பு நூற்றுக்கு நாலு. ஆனால் வேலியை இரண்டு மூன்று கெஜத்தில் தாண்டிக்கொண்டிருந்த பந்துகள் அத்தனையும் அந்த 18 அடிக்குள் மாட்டிக்கொள்ளும். ஹோம் ரன் அடிப்பவருக்கு இப்படிப்பட்ட மயிரிழைப் பந்துகள் வருஷத்துக்கு நிறையவே இருக்கும். நாற்பது இருபதாவது இப்படித்தான்.

உங்கள் காக்காவின் பௌண்டரி ஓரக் கேட்சும் இதே கதைதான். கேட்ச் எங்கே பிடிக்கிறார்கள் என்று பாருங்கள். கயிற்றுக்கு நாலைந்து மீட்டர் உள்ளே என்றால் பெரிய இழப்பு இல்லை. முப்பது கெஜத்தில் கொடியேறி இறங்குகிறது என்றால் அது வேறு வியாதி, வலுவோடு சம்பந்தமில்லை. மட்டையின் நடுவில் படவில்லை, அவ்வளவுதான்.

சரி, அந்த 3 மைல் எங்கே போகிறது? தசையில் இரண்டு வகை இழை உண்டு. மெதுவாக நெடுநேரம் உழைப்பது ஒன்று, சட்டென்று வெடித்து வேலை செய்வது இன்னொன்று. வயதாக ஆக முதலில் சுருங்குவது இரண்டாவது வகை. அதனால்தான் பார்வைக்கு ஆள் பெருத்திருப்பார், எடையும் தூக்குவார், மட்டை மட்டும் சுணங்கும். நம் கரையில் விசைப்படகில் போகிறவர்களிடம் இது பளிச்சென்று தெரியும். ராத்திரி முழுக்க வலை இழுக்கிற கைக்குப் பலத்தில் குறைவில்லை. ஆனால் அது மெதுவான பலம். கடலுக்குப் போய்வந்த மறுநாள் சாயங்காலம் பிடி தளர்ந்து, மட்டை பந்தோடு மோதும்போது கைக்குள் திரும்பிவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் அதே ஆள் அடிப்பதைப் பாருங்கள், வித்தியாசம் புரியும்.

இடுப்பு அடுத்தது. அடி கையிலிருந்து வருவதில்லை. முன் காலை ஊன்றி நிறுத்தியதும் இடுப்பு திரும்பி, அதன் பின்னால் நெஞ்சு, தோள், கை, கடைசியாக மட்டை என்று வேகம் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஏறிப்போகும். வயிற்றுச் சதை கூடி, நாற்காலியில் உட்கார்ந்தே வேலை பார்த்தால் இடுப்பும் தோளும் ஒரே கட்டையாகத் திரும்ப ஆரம்பிக்கும். முறுக்கி விடுகிற அந்த இழுவையே இருக்காது. சோதிக்க வேண்டுமா? மட்டையைத் தோளுக்குப் பின்னால் குறுக்கே வைத்துக்கொண்டு, திண்ணையில் முழங்கால் இரண்டையும் ஒட்டி வைத்து உட்கார்ந்து இரண்டு பக்கமும் திரும்பச் சொல்லுங்கள். ஒரு பக்கம் 45 பாகைகூட வரவில்லை என்றால் காரணத்தில் பாதி கிடைத்துவிட்டது.

மூன்றாவதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. நேரம். 95 மைல் பந்து பிட்சர் கையை விட்டதிலிருந்து வந்துசேர 0.4 விநாடி. மட்டை சுழன்று வர மட்டும் 0.15 விநாடி போய்விடும். மிச்சம் கால் விநாடியில் பார்த்து, எந்தப் பந்து என்று ஊகித்து, அடிப்பதா விடுவதா என்று முடிவெடுக்க வேண்டும். மட்டை கொஞ்சம் மந்தமானால் அடிப்பவர் முன்கூட்டியே கிளம்பியாக வேண்டும். கிளம்பிவிட்ட பிறகு வளைந்து தணியும் பந்து வந்தால் மட்டை முன்னால் போய்விடும், பந்து தரையில் உருளும். அதற்குப் பயந்து காத்திருந்தால் மேலே வரும் வேகப்பந்துக்குத் தாமதமாகிவிடும், பந்து எதிர்ப்பக்கம் உயரமாய்ப் போய் கேட்ச் ஆகும். பிட்சர்கள் இதை ஒரு மாதத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு அவருக்கு அடிக்கத் தோதான பந்தே வராது. ஹோம் ரன் வற்றுவதில் தசையின் பங்கைவிட இதன் பங்கு பெரிது என்பது என் கணிப்பு.

மிகேல் கப்ரேராவை எடுத்துக்கொள்ளுங்கள். டெட்ராய்ட் அணிக்கு 2012இல் 44, 2013இல் 44, 2016இல் 38 ஹோம் ரன். 2017இல் முதுகுத் தட்டு பிதுங்கியது, 16. 2018 ஜூனில் இடது கையின் பைசெப்ஸ் தசைநார் அறுந்தது, அந்த வருஷம் 3. அடுத்த வருஷம் திரும்பி வந்து பேட்டிங் சராசரி .282 வைத்தார், ஆனால் ஹோம் ரன் 12தான். கண்ணும் கையும் அப்படியே இருக்கின்றன, பந்தை நடுவில் படவைக்கத் தெரிகிறது, முறுக்கி விடுகிற உடம்பு மட்டும் இல்லை. 2023இல் 511 ஹோம் ரன்னோடு ஓய்வு.

இதற்கு மாறான ஆளும் உண்டு. டேவிட் ஓர்டிஸ் தன் கடைசி சீசனில், 40 வயதில், 38 அடித்தார். அவர் பெரும்பாலும் ஃபீல்டிங்குக்குப் போகாமல் அடிக்க மட்டும் இறங்கியவர். ஆல்பர்ட் பூஹோல்ஸ் 2022இல் 42 வயதில் 24 அடித்து 703இல் முடித்தார். இடது கைப் பிட்சர்களுக்கு எதிராகப் பார்த்துப் பார்த்து இறக்கினார்கள். வேலைப் பளுவைக் குறைத்து, தோதான பந்துவீச்சுக்கு விட்டால் வயது கொஞ்சம் வழிவிடும்.

காயத்தில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். மட்டையின் அடிக்குமிழ் கீழ்க் கையின் உள்ளங்கையில், சுண்டுவிரல் பக்கம் அழுத்தும் இடத்தில் கொக்கி போல ஒரு சின்ன எலும்பு இருக்கிறது, ஹேமேட் என்பார்கள். பேஸ்பாலில் அது அடிக்கடி உடையும். எடுத்துவிட்டால் ஒன்றரை, இரண்டு மாதத்தில் ஆட வரலாம், ஆனால் பிடி பழையபடி ஆக மேலும் நாளாகும். ஜியான்கார்லோ ஸ்டான்டனுக்கு 2015இல் உடைந்தது. 2017இல் 59 ஹோம் ரன் அடித்தார். ஆக இது திரும்பி வருகிற வலு. முதுகும் முழங்காலும் அப்படியில்லை.

ஆளைக் குறை சொல்வதற்கு முன் பந்தையும் பார்க்க வேண்டும். மேஜர் லீக் முழுவதும் சேர்த்து 2014இல் 4,186 ஹோம் ரன், 2019இல் 6,776, 2022இல் 5,215. இத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் வலு ஏறி இறங்கியிருக்காது. தையல் எவ்வளவு துருத்திக்கொண்டிருக்கிறது, பந்து எவ்வளவு எம்புகிறது, எந்த ஈரப்பதத்தில் வைத்திருந்தார்கள் என்பதெல்லாம் தூரத்தை மாற்றும்.

இனி நம் கரைக்கு வருவோம். இங்கே கணக்கு ஒரு இடத்தில் மாறுகிறது. பேஸ்பால் பந்து 142 முதல் 149 கிராம். சாதா டென்னிஸ் பந்து 56 முதல் 59 கிராம்தான், ஆனால் அளவில் கொஞ்சம்தான் சின்னது. எடைக்கு எடை பார்த்தால் காற்று டென்னிஸ் பந்தைப் பிடித்து இழுப்பது இரண்டு மடங்கு, மேலே இருக்கிற பஞ்சையும் சேர்த்தால் இன்னும் அதிகம். இது பாம்பன் பக்கம் பழைய ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்தி வைத்த கடற்கரை. காற்றைக் கணக்கில் எடுக்காமல் "காக்காவுக்கு வயசாகிவிட்டது" என்று சொல்வது அநியாயம்.

கச்சான் என்கிற மேல்காற்று வீசுகிற மாதங்களில் பிட்ச் வடக்கு தெற்காக இருந்தால் இதைக் கவனியுங்கள். வலது கை ஆட்டக்காரர் வடக்கு முனையில் நின்றால் அவருடைய லெக் சைடு கிழக்கு. மேற்கிலிருந்து வரும் காற்று பந்தைத் தூக்கிக்கொண்டு போகும். தெற்கு முனையில் நின்றால் லெக் சைடு மேற்கு. அதே அடி காற்றை எதிர்த்து ஏறி, நின்று, விழும். காக்கா எந்த முனையில் எத்தனை சிக்ஸர் அடித்தார், எத்தனை கேட்ச் கொடுத்தார் என்று ஸ்கோர் எழுதுகிற பையனிடம் தனித்தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள். நாலு மேட்ச் போதும்.

தரையும் முக்கியம். காய்ந்த கண்மாயில் ஆடுவதும் கடற்கரை மணலில் ஆடுவதும் ஒன்றல்ல. பெரிய அடி அடித்த பிறகு முன் கால் குதிகால் தடத்தைப் போய்ப் பாருங்கள். குழி மாதிரி நேராக அழுந்தியிருந்தால் சரி. இரண்டு விரல் அகலத்துக்கு முன்னால் இழுத்துக்கொண்டு போயிருந்தால் கால் ஊன்றவில்லை, இடுப்புக்குப் போக வேண்டிய விசை மணலுக்குப் போயிருக்கிறது. அந்த இடத்தில் தண்ணீர் தெளித்து மிதித்து இறுக்கிக்கொள்ளலாம். சாயங்காலம் ஈரத்தில் உருண்ட பழைய பந்து எடை கூடிப் பஞ்சும் எழும்பியிருக்கும், அதில் தூரம் எதிர்பார்க்க வேண்டாம்.

இதெல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவது உடம்பா, நேரமா என்று பிரிக்க ஒரு வழி இருக்கிறது. காலை ஏழு மணிக்குள், கடல்காற்று எழும்புவதற்கு முன் மைதானத்துக்குப் போங்கள். பந்தைக் கயிற்றில் இடுப்புயரத்தில் தொங்கவிட்டு அடிக்கச் சொல்லி, ஃபோனில் 240 ஃபிரேம் ஸ்லோ மோஷனில் பக்கவாட்டில் எடுங்கள். மட்டை கீழே இறங்கத் தொடங்கியதிலிருந்து பந்தில் படும் வரை எத்தனை ஃபிரேம் என்று எண்ணுங்கள். ஒரு ஃபிரேம் சுமார் 4 மில்லி விநாடி. பத்து முறை அடிக்கவிட்டு, எண்ணிக்கைகளை வரிசையாக வைத்து நடுவில் உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றிரண்டு நல்ல அடியைப் பார்த்து மயங்க வேண்டாம். பிறகு அவரோடு நன்றாக அடிக்கிற இளவட்டம் ஒருவரை அதே மட்டையில் அடிக்கவிட்டு ஒப்பிடுங்கள். நிற்கிற பந்தில் இருவரும் சமம், மேட்ச்சில் மட்டும் காக்கா பின்தங்குகிறார் என்றால் கோளாறு கண்ணிலும் கணிப்பிலும். அதற்கு மருந்து எடை தூக்குவதல்ல, தினமும் முப்பது நாற்பது பந்தாவது வேகமாக வீசச் சொல்லி ஆடுவது. இரண்டு வருஷம் ஷார்ஜா, துபாயில் இருந்துவிட்டு வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் பிரச்சினை. ஒரு கண் பரிசோதனையும் செய்துகொள்ளலாம். தூரப் பார்வையில் சின்னக் குறை இருந்தால்கூட ஃபிளட் லைட்டில் பந்து தாமதமாகத்தான் தெரியும்.

நிற்கிற பந்திலேயே மட்டை சுணங்குகிறது என்றால் உடம்பு. வாரம் இரண்டு நாள் கனமாகக் குறைவாகத் தூக்க வேண்டும்: ஸ்குவாட், டெட்லிஃப்ட், ஒரு செட்டுக்கு நாலைந்து முறை, இடையில் இரண்டு மூன்று நிமிஷம் ஓய்வு. பதினைந்து இருபது முறை மூச்சு வாங்கத் தூக்கினால் வலை இழுக்கும் பலம்தான் வரும். பழைய பாஸ்கெட்பாலில் மணல் அடைத்து 3 கிலோவாக்கி, பக்கவாட்டில் நின்று இடுப்பைத் திருப்பிச் சுவரை நோக்கி எறியலாம். ஒரு பக்கத்துக்கு ஆறு, மூன்று சுற்று. வேகம் குறைந்ததும் நிறுத்திவிட வேண்டும், களைத்த பிறகு எறிவதில் பயனில்லை.

வழக்கமான மட்டையைவிடப் பத்து சதவீதம் கனமானது ஒன்று, பத்து சதவீதம் லேசானது ஒன்று என்று மாற்றி மாற்றி வீசிப் பழகுவது நல்லது. ஆனால் இறங்குவதற்குச் சற்று முன் கனமான மட்டையையோ, பேஸ்பாலில் மாட்டுகிற எடை வளையத்தையோ வீசிவிட்டுப் போகாதீர்கள். கையில் மட்டை லேசாகத் தோன்றும், உண்மையில் வேகம் குறைந்திருக்கும்.

லீவு நாலு வாரம்தான், அதற்குள் பயிற்சி பலன் தராது என்றால் மட்டையை மாற்றச் சொல்லுங்கள். டென்னிஸ் பந்து அவ்வளவு லேசு என்பதால் கனமான மட்டை கூட்டித் தருவது சொற்பம், சுணக்கம் பறிப்பது அதிகம். ஒரு கிலோ மட்டை பிடித்தவர் 850, 900 கிராமுக்கு இறங்கலாம். பழைய கன மட்டை ராசியானது என்று பிடிவாதம் பிடிப்பார். வந்த முதல் வாரத்திலேயே பெரிய அடிக்குப் போனால் விலாப்பக்கச் சதை பிடித்துக்கொண்டு மிச்ச மூன்று வாரமும் உட்கார வேண்டிவரும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.