கவ்வாத்தும் இராட்சதக் கலங்களும்

அன்பின் ஐயா,

அம்மாவுக்குச் சூலகப் புற்றுநோய். கீமோ முடிந்து இரண்டு வருடங்கள் நன்றாக இருந்தார். இப்போது திரும்பிவிட்டது. பயொப்சி ரிப்போட்டில் இராட்சதக் கலங்கள் என்று இருக்கிறதாம். கவ்வாத்து வெட்டிய தேயிலை துளிர்ப்பதுபோல மருந்துதான் இதை வளர்த்துவிட்டது, இனி வேண்டாம் என்கிறார் மாமா. உண்மையா?

– ஒரு வாசகி, ஹட்டன்

அன்பின் தங்கைக்கு,

மாமா சொல்வதில் பாதி சரி. அந்தப் பாதிதான் எனக்குப் பயம்.

முதலில் ரிப்போட். காசநோயிலும் நோயெதிர்ப்புக் கலங்கள் ஒன்றோடொன்று இணைந்து பல கருக்களுடன் பெருக்கும். அவற்றுக்கும் இராட்சதக் கலம் என்றுதான் பெயர், ஆனால் அவை புற்றுக்கலங்கள் இல்லை. எந்த வகை என்று கிளினிக்கில் கேளுங்கள்.

புற்றுக்கலமே என்றால் சங்கதி இது. பிரியப்போகும் கலம், மரபுச் செய்தியைச் சுமக்கும் தன் நிறமூர்த்தங்களை இரட்டித்துக்கொள்ளும். கதிர்நார்கள் என்ற மெல்லிய இழைகள் அவற்றை இரு பக்கமும் இழுக்க, கலம் நடுவில் இறுகி இரண்டாகும். சூலகப் புற்றுக்குக் கொடுக்கும் பக்லிடாக்செல் என்ற கீமோ மருந்து அந்த நார்களை இயங்கவிடாமல் கட்டிப்போடுகிறது. பல கலங்கள் அதோடு மடியும். சில மட்டும் பிரிவைக் கைவிட்டு, இரட்டித்ததை அப்படியே வைத்துக்கொண்டு நழுவிவிடும். அடுத்த சுற்றிலும் இரட்டிக்கும், பிரியாது. 4 மடங்கு, 8 மடங்கு, 16 மடங்கு என்று கரு கோணல்மாணலாக ஊதிக்கொண்டே போகும். பிரியும் கலத்தைக் குறிவைக்கும் மருந்துக்கு, பிரியாமல் கிடக்கும் கலம் எளிதில் அகப்படுவதில்லை.

நுணுக்குக்காட்டியில் இவற்றை 19ஆம் நூற்றாண்டிலேயே பார்த்துவிட்டார்கள். சாகக் கிடப்பவை என்று நெடுங்காலம் ஒதுக்கியும் வைத்தார்கள். பெரும்பாலானவை சாகத்தான் செய்கின்றன. ஆனால் சிலவற்றில், நாட்கள் கழிந்து, அந்தப் பெருங்கருவின் ஓரம் புடைக்கிறது. புடைப்பு கிள்ளுப்பட்டு, தனக்கென ஒரு மென்சவ்வைப் போர்த்திக்கொண்டு சிறு கலமாகக் கழன்று வருகிறது. வழக்கமான கதிர்நார் இழுப்பும் இல்லை, சரிபாதிப் பங்கீடும் இல்லை. 2004இல் ஆய்வாளர் ராஜாராமனும் அவரது சகாக்களும் இதற்கு 'நியோசிஸ்' என்று பெயரிட்டார்கள். பிறகு அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஜின்சொங் லியூவின் குழு சூலகப் புற்றின் இராட்சதக் கலங்களை ஆராய்ந்தது. தனியொரு கலத்திலிருந்தே எலியில் கட்டி வளர்ந்தது.

கவ்வாத்து உவமை இங்கேதான் இடறுகிறது. வெட்டிய வாதில் துளிர்ப்பது அதே தேயிலை. இராட்சதக் கலம் ஈனும் குட்டிகளோ ஆளுக்கொரு பங்கு நிறமூர்த்தத்துடன் வெவ்வேறாகப் பிறக்கின்றன. அவற்றுள் மருந்துக்கு அசையாத ஒன்று இருந்தால் போதும், நோய் திரும்புவதற்கு. அதோடு, ஒரு சொட்டு மருந்தும் படாத கட்டிகளிலும் இராட்சதக் கலங்கள் உண்டு. ஒட்சிசன் பற்றாக்குறையே போதும். அதனால் பழியெல்லாம் கீமோவுக்கு என்பது சரியில்லை. கவ்வாத்தே வெட்டாமல் விட்டால் தேயிலை மரமாகிப் போகும் என்பதை மாமாவுக்கு நான் சொல்லவா வேண்டும்?

இரண்டு வருட இடைவெளி சின்ன விஷயம் இல்லை. பிளாட்டினம் வகை மருந்து முடிந்து 6 மாதங்களுக்குப் பிறகு திரும்பும் சூலகப் புற்று, பெரும்பாலும் அதே வகை மருந்துக்கு மறுபடியும் மசியும். அம்மாவுக்கு முன்பு அந்த வகையைச் சேர்ந்த கார்போபிளாட்டின் ஏற்றினார்களா, இப்போதும் அது பொருந்துமா என்று டொக்டரிடம் கேளுங்கள். மாமாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.