பழைய காருக்கு லிஃப்ட் கிட் போடலாமா? முதலில் உட்கார்ந்த வண்டியை எழுப்புங்கள்

20 வருடம் ஓடிய கார், பெங்களூரு வேகத்தடைகளில் அடி தட்டுகிறது, 2 இன்ச் லிஃப்ட் கிட் போட்டால் தீருமா, அதைச் சட்டப்படி செய்ய வழி உண்டா, அடுத்த எஃப்சியில் (ஆர்டிஓவின் தகுதிச் சோதனையில்) சிக்கல் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நேராகச் சொல்லிவிடுகிறேன். கம்பெனி கொடுத்த உயரத்துக்கு மேல் வண்டியைத் தூக்கும் கிட்டை, ஒரு தனி ஆள் ஆர்டிஓவில் அனுமதி வாங்கிப் போட நடைமுறையில் வழி இல்லை. ஆனால் 20 வருடத்தில் வண்டி இழந்த உயரத்தைத் திரும்பக் கொண்டுவர யாருடைய அனுமதியும் வேண்டாம். அது ரிப்பேர் வேலை. உங்களுக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் இந்த இரண்டாவதாகத்தான் இருக்கும். நான் இரண்டையும் செய்து பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சட்டம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுதான் இதற்கு அடிப்படை. ஆர்சியில் (பதிவுச் சான்றிதழில்) இருக்கும் விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறித்துக் கொடுத்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது அது. "என் ஆர்சி கார்டில் உயரம் என்று ஒரு வரியே இல்லையே, அப்புறம் எப்படித் தப்பு?" என்று கிட் விற்பவர்கள் கேட்பார்கள். நானும் ஒரு காலத்தில் அதை நம்பினேன். 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து மேல்முறையீட்டுக்குப் போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. பாகங்களை மாற்றினாலும் விதிகளுக்குள் இருந்தால் போதும் என்ற உயர் நீதிமன்றத்தின் பார்வையை அது ஏற்கவில்லை. தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்பை மாற்றக்கூடாது என்பதே சட்டத்தின் நோக்கம் என்றது. நிறம் மாற்றுவது, அதே வகை இன்ஜினை மாற்றிப் பொருத்துவது, அங்கீகரித்த கேஸ் கிட் போடுவது போன்றவற்றுக்குத் தனி வழி இருக்கிறது. தெரிவித்து, ஆர்சியில் பதிந்துகொள்ளலாம். சஸ்பென்ஷனை உயர்த்துவது அந்த வகையில் வராது.

காரணம் எளிது. ஒரு மாடல் விற்பனைக்கு வருமுன் அதன் மாதிரி வண்டியை புனேயில் உள்ள ஏஆர்ஏஐ, மானேசரில் உள்ள ஐகேட் போன்ற நிலையங்களில் சோதித்துச் சான்று வாங்குகிறார்கள். பிரேக், ஸ்டியரிங், விளக்கு எல்லாம் அந்த உயரத்தில் வைத்துச் சோதித்தவை. 2 இன்ச் தூக்கியதும் அது சோதித்த வண்டி இல்லை. ஆஸ்திரேலிய வீடியோக்களைப் பார்த்துவிட்டுப் பலர் குழம்புகிறார்கள். அங்கே அங்கீகாரம் பெற்ற இன்ஜினியர் வண்டியைப் பார்த்துச் சான்று தரும் ஏற்பாடு இருக்கிறது. நம் ஊரில் தனிக் காருக்கு அப்படி இல்லை. ஆகவே "ஏஆர்ஏஐ அப்ரூவ்டு கிட்" என்று யாராவது சொன்னால், எந்தப் பாகத்துக்கு, எந்த மாடலுக்கு என்று காகிதத்தைக் கேளுங்கள். எனக்கு இதுவரை யாரும் காட்டியதில்லை.

2019 திருத்தத்துக்குப் பிறகு 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றிய உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ரோட்டில் பிடிக்கமாட்டார்கள் என்று சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பயம் இன்சூரன்ஸ். விபத்து நடந்து சர்வேயர் வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கும்போது, இன்சூரன்ஸ் கம்பெனியிடம் தெரிவிக்காத மாற்றம் ஒன்று கண்ணில் பட்டால், உங்கள் வண்டிச் சேதத்துக்கான க்ளெய்மை மறுக்க அதுவே காரணமாகிவிடும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். அல்சூரில் இருக்கிறோம், சொந்த ஊர் ஜோலார்பேட்டை பக்கம். அப்பா 2003இல் வாங்கிய டொயோட்டா குவாலிஸ் இன்னும் எங்களிடம் ஓடுகிறது. பிடதியில், இங்கிருந்து ஒரு மணி நேர தூரத்தில் தயாரான வண்டி. முன்னால் டார்ஷன் பார் (ஸ்பிரிங் வேலையைச் செய்யும் முறுக்குக் கம்பி), பின்னால் கமான் பட்டை (வளைந்த எஃகுப் பட்டைகளின் அடுக்கு). பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் ஏழு பேரும் மூட்டை முடிச்சும் அரிசி மூட்டையுமாக அதில்தான் போய் வந்தோம். 2021 வாக்கில் எங்கள் தெரு வேகத்தடையிலேயே அடி தட்ட ஆரம்பித்தது. ஒரு கடையில் காட்டினேன். "லிஃப்ட் பண்ணிடலாம் சார், ஒரு நாள் வேலை" என்றார்கள். பின்னால், பட்டையின் நுனியைச் சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கிலை 2 இன்ச் நீளமானதாக மாற்றி, கூடுதலாக ஒரு பட்டையைச் செருகினார்கள். முன்னால் டார்ஷன் பார் போல்ட்டை முறுக்கி ஏற்றினார்கள். அவ்வளவுதான் கிட்.

பார்க்க நன்றாக இருந்தது. ஓட்ட நன்றாக இல்லை. ஓசூர் ரோட்டில் 80ஐத் தாண்டினால் ஸ்டியரிங் ஒரு நிலையில் நிற்காமல் அலைந்தது. முறுக்கி ஏற்றிய முன்பக்கம், பள்ளத்தில் சக்கரம் கீழே இறங்க இடமில்லாமல் டங் டங் என்று மோதியது. முன் டயர்கள் ஆறே மாதத்தில் ஓரம் தேய்ந்துவிட்டன. பின் ஆக்சிலுக்கு இன்ஜின் சக்தியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் மாறிவிட்டதால் 60இல் ஒரு நடுக்கம். ஆள் இல்லாமல் போனால் பின்பக்கம் குதித்தது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு முறை இறங்கி வந்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டி வெளிப்பக்கம் சாய்ந்த சாய்வில், பின் சீட்டிலிருந்த அம்மா கைப்பிடியை விடவே இல்லை.

கடைசியில் கலாசிபாளையம் பக்கம் கமான் பட்டை அடிக்கும் ஒரு பட்டறைக்கு நண்பர் அழைத்துப்போனார். அங்கிருந்த பாய்க்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வண்டியை ஜாக்கியில் தூக்கி, பின் சக்கரத்தைத் தொங்கவிட்டு, "இங்க பாருங்க தம்பி" என்று டார்ச் அடித்தார். பாடியிலிருந்து ஆக்சிலுக்கு வரும் பிரேக் ஹோஸ் (பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் குழாய்), வீணைத் தந்தி போல விறைத்து நின்றது. விரலால் தட்டிக் காட்டினார். வண்டியை உயர்த்தியவர்கள் ஹோஸின் நீளத்தை யோசிக்கவே இல்லை. பெரிய பள்ளத்தில் சக்கரம் முழுசாக இறங்கும் ஒரு நாளில் அது பிய்ந்திருக்கும். எனக்கு அந்த இடத்திலேயே கை நடுங்கியது.

அவர் சொன்னதுதான் இந்தப் பதிலின் சாரம்: "வண்டி உயரம் பத்தாம இல்ல தம்பி. வண்டி உக்காந்துடுச்சு. முதல்ல எழுப்புங்க."

உங்கள் வண்டி உட்கார்ந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு டேப் போதும். சமதளத்தில், காலி வண்டியில், டயர் காற்று சரியாக வைத்து, சக்கரத்தின் மையத்திலிருந்து நேர் மேலே ஃபெண்டரின் விளிம்பு வரை நான்கு சக்கரத்திலும் அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயரின் தேய்மானமும் சேர்ந்து குழப்பும். என் வண்டியில் கூடுதல் பட்டையையும் நீள ஷேக்கிலையும் கழற்றிவிட்டு, டார்ஷன் பாரையும் பழைய அடையாளத்துக்கு இறக்கிய பிறகு அளந்தபோது, பின் வலதைவிடப் பின் இடது 1.5 செ.மீ. தாழ்வு. பட்டையில் வளைவே இல்லை. பலகை போலக் கிடந்தது. அதே மாடல், நல்ல நிலையில் உள்ள வேறொரு வண்டி கிடைத்தால் அதையும் அளந்து ஒப்பிடுங்கள்.

இன்னொரு அடையாளம் ராத்திரியில் தெரியும். நீங்கள் டிம்மில்தான் போகிறீர்கள், ஆனாலும் எதிரில் வருபவர்கள் லைட் அடித்துத் திட்டுகிறார்களா? பின்பக்கம் உட்கார்ந்தால் மூக்கு மேலே பார்க்கும், விளக்கும் எதிரில் வருபவர் கண்ணுக்கு ஏறும்.

அடுத்து, எது தட்டுகிறது என்று பாருங்கள். இதைச் செய்யாமல் பணம் செலவழிக்காதீர்கள். கொஞ்சம் சுண்ணாம்பைத் தண்ணீரில் குழைத்து, சைலன்சர், அதன் கிளாம்ப், கியர் பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம், டிஃபரன்ஷியலின் (பின் ஆக்சில் நடுவில் இருக்கும் கியர் உருண்டை) அடிப்பக்கம், டோயிங் கொக்கி என்று தாழ்வான இடங்களில் எல்லாம் பூசுங்கள். காய்ந்ததும் வழக்கமாகத் தட்டும் வேகத்தடையில், வழக்கமான ஆட்களோடு, மெதுவாக ஏற்றி இறக்குங்கள். சுண்ணாம்பு எங்கே உரிந்திருக்கிறதோ அதுதான் குற்றவாளி. என் வண்டியில் அது சைலன்சரின் நடுப்பகுதி. தொங்கவிடும் ரப்பர் வளையம் அறுந்து, குழாய் தாழ்ந்து தொங்கியது. ஜே.சி. ரோட்டில் சில நூறு ரூபாய் ரப்பர். அதற்குத்தான் நான் வண்டியின் எலும்பையே மாற்றியிருந்தேன்.

டிஃபரன்ஷியல் தட்டினால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: இரண்டு பின் சக்கரத்தையும் ஒரே தண்டாக இணைக்கும் முழு ஆக்சில் உள்ள வண்டியில் லிஃப்ட் கிட் அதை ஒரு நூல்கூட உயர்த்தாது. ஆக்சில் சக்கரத்தோடு இருக்கிறது, கிட் பாடியைத்தான் மேலே தள்ளும். ஆக்சிலின் அடி உயரத்தைத் தீர்மானிப்பது டயர். வழுக்கையான டயரை, கம்பெனி சொன்ன அளவிலேயே புது டயராக மாற்றினால் கொஞ்சம் கிடைக்கும். பெரிய அளவு டயர் போட்டால் அது மறுபடியும் மாற்றம்தான், ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லும்.

நம் வேகத்தடைகள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. இந்திய சாலைக் காங்கிரஸ் தரப்படி ஒரு வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்தில், நடுவில் 10 செ.மீ. உயரத்தில், மெல்ல ஏறி இறங்க வேண்டும். அதன்மேல் நல்ல நிலையில் உள்ள எந்தக் காரும் அடி தட்டாது. நம் தெருக்களில் ராத்திரியோடு ராத்திரியாகத் தாரைக் கொட்டிக் குவித்துவிட்டுப் போகிற முதுகுகள் வேறு ஜாதி. ஆனால் அதற்கு மனு கொடுக்க வேண்டிய இடம் மாநகராட்சி. காரைத் தூக்குவது அதற்குப் பதில் ஆகாது.

எழுப்பும் வேலை இப்படித்தான் நடந்தது. பாய் கமான் கட்டைப் பிரித்து ஒவ்வொரு பட்டையாகக் கழுவிப் பார்த்தார். இரண்டில் முடி போன்ற விரிசல். அந்த இரண்டையும் அதே நீளம், அதே தடிமனில் புதிதாகப் போட்டார், மற்றவற்றைப் பழைய வளைவுக்கு அடித்து எடுத்தார். பட்டையின் எண்ணிக்கையைக் கூட்டவில்லை. நான் கேட்டும் மறுத்துவிட்டார். ஷேக்கில் பழைய அளவு, புஷ் (மூட்டுகளில் இருக்கும் ரப்பர் உறை) எல்லாம் புதுசு, சென்டர் போல்ட் புதுசு, ஆக்சிலைப் பட்டையோடு கட்டும் யூ போல்ட் புதுசு. நான்கு ஷாக் அப்சார்பரையும் மாற்றினோம். ஷாக் வண்டியை உயர்த்தாது என்பதை நினைவில் வையுங்கள். குலுக்கலில் வண்டி அடிவரை இறங்காமல் பிடிக்கத்தான் அது. ஓடும்போது தட்டும் வண்டிகளில் பாதிப் பிரச்சினை செத்துப்போன ஷாக்தான். முன்பக்கத்தில் புஷ் மாற்றி, வீல் அலைன்மென்ட் பார்த்தோம். வேலை முடிந்து அளந்தால் பின்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு மேலே வந்திருந்தது, இடமும் வலமும் சமமாக. நான் கடையில் கேட்ட 2 இன்ச்சுக்குக் கொஞ்சம்தான் குறைவு, எல்லாம் கம்பெனி கொடுத்த உயரத்துக்குள்ளேயே.

2023இல் எஃப்சி வந்தது. தனியார் காருக்கு ஆர்சி 15 வருடம், அப்புறம் ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். படிவம் 25. காலாவதிக்கு 60 நாள் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். தாமதித்தால் காருக்கு மாதம் 500 ரூபாய் கூடுதல். நான் கட்டியபோது கட்டணம் 5,000. 2025 ஆகஸ்டிலிருந்து 20 வருடத்தைத் தாண்டிய காருக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. இன்ஸ்பெக்டர் அடியில் எட்டிப் பார்த்தார், பட்டையில் கை வைத்தார், "புதுசா?" என்றார். "ரிப்பேர் பண்ணினது, அதே அளவு" என்று பில்லைக் காட்டினேன். நீங்களும் பில்லை வைத்திருங்கள். பட்டை, ஷாக், புஷ் என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

இப்போதே யாராவது கிட் போட்டுவிட்ட வண்டியை வாங்கியிருந்தால், எஃப்சிக்காகத் தற்காலிகமாகக் கழற்றி மறுபடி மாட்டும் யோசனை வேண்டாம். முதலில் பிரேக் ஹோஸைப் பாருங்கள். சில வண்டிகளில் பாடிக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே ஒரு கம்பியோடு பிரேக் வால்வு இருக்கும். பாடி உயர்ந்தால், வண்டி காலியாக இருப்பதாக எடுத்துக்கொண்டு அது பின் பிரேக்கின் அழுத்தத்தைக் குறைத்துவிடும். அந்த ஒரு காரணத்துக்காகவே கிட்டைக் கழற்றச் சொல்வேன்.

பட்டை வேலை முடிந்த வண்டி முதல் சில நாளில் கொஞ்சம் இறங்கி நிற்கும், பயப்பட வேண்டாம். 500 கி.மீ. ஓட்டியதும் பட்டறைக்குத் திரும்பப் போய் யூ போல்ட்களை மறுபடி முறுக்கச் சொல்லுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். போல்ட் தளர்ந்தால் ஆக்சில் நகரும். அன்றைக்கே சாயங்காலம், ஒரு சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்தி ஹெட்லைட்டையும் சரி செய்துகொள்ளுங்கள். பின்பக்கம் எழுந்ததும் வெளிச்சம் கீழே இறங்கியிருக்கும்.