இறக்குமதிப் புரதத்தை நம்பியிருக்கும் நாடுகளில்கூட விவசாயிகள் சோயா பயிரிட ஏன் தயங்குகிறார்கள்?

சோயா விதையில் 36 முதல் 40 சதவீதம் புரதம். காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) தானே பிடித்துக்கொள்வதால் உரச்செலவும் குறைவு. அப்படியும் தயங்குகிறார்கள் என்றால், அதைப் பிடிவாதம் என்று ஒதுக்குவது அநியாயம்.

முதல் கவலை விலை. பிரேசில், அமெரிக்கா, அர்ஜென்டினாவிலிருந்து கப்பல் கப்பலாக வரும் சரக்கோடு போட்டி போட வேண்டும்.

அடுத்தது அனுபவமின்மை. சோயாவே போட்டிராத மண்ணில் அதன் வேர்முடிச்சில் வாழ்ந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும் பிராடிரைசோபியம் பாக்டீரியா பெரும்பாலும் இருக்காது. அதை விதையோடு கலந்து விதைக்காவிட்டால் செடி வெளுத்துப்போகும். பூக்கும் சமயத்தில் ஒரு செடியைத் தோண்டியெடுத்து வேர்முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தழைச்சத்து சேர்கிறது. பச்சையாகவோ சாம்பலாகவோ இருந்தால் இல்லை. அறுவடையிலும் சிக்கல் உண்டு: அடிக்காய்கள் தரையை ஒட்டியே காய்ப்பதால், நிலம் மேடுபள்ளமாக இருந்தால் இயந்திரம் அவற்றை விட்டுவிட்டுப் போகும்.

பலர் கவனிக்காதது இன்னொன்று. பச்சைச் சோயாவில் புரதம் செரிப்பதைத் தடுக்கும் ட்ரிப்சின் தடுப்பான் இருப்பதால் கோழிக்கும் பன்றிக்கும் அப்படியே போட முடியாது, வறுத்தாக வேண்டும். பக்கத்தில் வறுக்கும் ஆலை இல்லாவிட்டால் சொந்தப் பண்ணைக்குக்கூட அது உதவாது.

என்னைக் கேட்டால், மானியத்தைவிட முன்கூட்டியே விலை பேசிய கொள்முதல் ஒப்பந்தம்தான் மனதை மாற்றும். சோயாவுக்குப் பின் வரும் தானியப் பயிருக்குக் கிடைக்கும் பலனையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரே பருவ வரவு செலவில் அது தெரியாது.